பனிப்போர்: மூட்டியது யார், வெந்தது யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் வளர்த்த பகையான பனிப்போரைப் பற்றி ஒருவர் மூன்று வரியில் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடச் சுட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் அதை ஏன் போர் என்கிறார்கள்? ஆரம்பித்தது யார்? உண்மையிலேயே கம்யூனிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் நடந்த கொள்கைச் சண்டையா, இல்லை கொள்கை என்பது சும்மா சாக்கா?" மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் அவர் மனதில் இருப்பது கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். கொள்கைக்காக யாராவது உலகத்தையே இப்படி இழுத்துப் போட்டு உலுக்குவார்களா, அல்லது இதுவும் வேலித் தகராறு மாதிரி வழக்கமான பங்காளிச் சண்டைதானா? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். மற்ற இரண்டும் போகிற வழியில் வந்துவிடும்.

கல்லூரியில் 27 வருடம் இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு நடத்தினேன். அதுதான் என் தகுதி. ரஷ்ய மொழி படிக்கத் தெரியாது. மாஸ்கோ ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன். 1991க்குப் பிறகு அந்த ஆவணக் காப்பகங்கள் கொஞ்சம் திறந்தன, பிறகு பாதி மூடிக்கொண்டன. ஆகவே எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சுட்டுக்கொண்டார்கள். கொரியப் போரில் 1950 நவம்பரிலிருந்து சோவியத் விமானிகள் மிக்-15 ஓட்டி அமெரிக்க விமானங்களோடு நேருக்கு நேர் மோதினார்கள். போட்டிருந்தது சீன ராணுவ உடுப்பு, விமானத்தில் இருந்தது சோவியத் அடையாளம் இல்லை, ரேடியோவில் ரஷ்ய மொழி பேசக் கூடாது என்று உத்தரவு. தேவைப்படும் கொரிய வார்த்தைகளை ரஷ்ய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். எதிரி விமானம் வாலைப் பிடித்துத் துரத்தும்போது யாருக்குக் கொரிய மொழி ஞாபகம் வரும்? தாய்மொழியில்தான் கத்தினார்கள். அமெரிக்கர்கள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வாஷிங்டனும் வாய் திறக்கவில்லை, மாஸ்கோவும் திறக்கவில்லை. வெளியே தெரிந்தால் அது மூன்றாம் உலகப் போராகிவிடும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது. 1962 அக்டோபர் 27 அன்று கியூபா மேல் பறந்த அமெரிக்க உளவு விமானத்தை ஏவுகணையால் வீழ்த்தி அதன் விமானியைக் கொன்றதும் சோவியத் படைதான். இரண்டு பேரும் சுட்டார்கள், சுட்டதைப் பெரிதாக்காமல் விழுங்கிக்கொண்டார்கள்.

இலங்கைத் தமிழில் இதைக் கெடுபிடி யுத்தம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். பனிப்போர் என்றால் நம் பத்திரிகைகளில் ஒரே கட்சியின் இரண்டு நிர்வாகிகள் மேடையில் முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பது என்று ஆகிவிட்டது. கெடுபிடி என்றால்தான் சம்பந்தமில்லாதவனையும் பிடித்து இறுக்குகிற நெருக்கடி கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, ஆரம்பம். பாடப்புத்தகங்கள் 1945இல் தொடங்கும். ஆனால் சந்தேகம் 1917லேயே விழுந்துவிட்டது. லெனினின் கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த மறு வருடமே, ரஷ்யாவின் வடக்கில் ஆர்க்கேஞ்சலிலும் கிழக்கில் விளாதிவஸ்தோக்கிலும் அமெரிக்கத் துருப்புகள் இறங்கின. அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது, ரஷ்யர்களுக்கோ பள்ளிப் பாடம். புதிய அரசை அமெரிக்கா அங்கீகரிக்க 1933 வரை ஆனது, பதினாறு வருடம். மறுபக்கம் சோவியத் தலைவர்கள் உலகப் புரட்சி பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள், 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு கையெழுத்துப் போட்டுப் போலந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹிட்லர் 1941 ஜூன் 22இல் சோவியத் மண்ணுக்குள் நுழைந்திருக்காவிட்டால் இந்த இரண்டு நாடுகளும் ஒரே அணியில் நின்றிருக்கவே முடியாது.

என் வகுப்பில் இந்த இடத்தில் கரும்பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த சோவியத் மக்கள் சுமார் 2.7 கோடி. இறந்த அமெரிக்கர்கள் சுமார் 4 லட்சம். முதல் எண்ணை வைத்திருப்பவனுக்கு எல்லையில் ஒரு பகை நாடுகூட இருக்கக் கூடாது என்று தோன்றும், ஏனென்றால் முப்பது வருடத்தில் இரண்டு முறை ஜெர்மன் படை போலந்து வழியாகத்தான் வந்தது. இரண்டாவது எண்ணை வைத்திருப்பவன் அழியாத தொழிற்சாலைகளோடும், உலகத்தில் பாதித் தங்கத்தோடும், அணுகுண்டோடும் நிற்கிறான். அவன் கற்ற பாடம் வேறு: ஆக்கிரமிப்பவனுக்கு விட்டுக்கொடுத்தால் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த கதைதான் ஆகும். இருவர் சொன்னதும் நியாயமான பாடம். இரண்டையும் ஒரே நேரத்தில் செயல்படுத்த முடியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் பேரம் பேசியிருக்கலாமே? பேசினார்கள். 1944 அக்டோபர் 9 இரவு, மாஸ்கோ. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அரைத் தாள் ஒன்றை எடுத்துக் கணக்கு எழுதினார்: ருமேனியா 90 சதவீதம் ரஷ்யாவுக்கு, கிரீஸ் 90 சதவீதம் பிரிட்டனுக்கு, யூகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிப் பாதி, பல்கேரியாவில் 75 ரஷ்யாவுக்கு. மொழிபெயர்ப்பாளர் வாசித்து முடித்ததும் சோவியத் தலைவர் ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். இத்தனை கோடிப் பேர் தலைவிதியை இப்படிக் கிறுக்கியது தெரிந்தால் நன்றாக இருக்குமா, எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்க, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். உரையாடலுக்குச் சாட்சி சர்ச்சிலின் நினைவுக் குறிப்புதான், அதனால் வசனத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம். தாள் உண்மை. அதில் கொள்கை எங்கே இருக்கிறது? சந்தையில் துண்டு போட்டு மூடி விரல் பிடித்து மாட்டு விலை பேசுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதைவிட முக்கியம், ஸ்டாலின் அந்த டிக்கை மதித்தார். இரண்டே மாதத்தில் ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படை கிரேக்க இடதுசாரிகளைச் சுட்டபோது அவர் கண்டிக்கவில்லை.

போலந்தில்தான் பேரம் முறிந்தது. பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காக. அதை விற்க முடியாது. ஸ்டாலினுக்கோ அது ஜெர்மனி வருகிற வாசல். 1945 பிப்ரவரியில் யால்டாவில் "சுதந்திரத் தேர்தல்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1947 ஜனவரியில் நடந்த தேர்தலில் முடிவு முன்கூட்டியே தயாராக இருந்தது, இதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

அணுகுண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிரோஷிமாவில் குண்டு போட்டதே ஸ்டாலினை மிரட்டத்தான் என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். போரைச் சீக்கிரம் முடிப்பதுதான் முதல் நோக்கம் என்பதற்கு ஆதாரம் அதிகம். ரஷ்யா இதைப் பார்த்து அடங்கும் என்ற நினைப்பு அந்த முடிவை எடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது என்பதும் ஆவணத்தில் இருக்கிறது. உறுதியாகத் தெரிவது இது: 1945 ஜூலை 24இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஸ்டாலின் அருகில் போய், புதிதாகப் பெரிய அழிவாயுதம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று பட்டும் படாமலும் சொன்னார். ஸ்டாலின் முகம் மாறவில்லை. மாறாததற்குக் காரணம், அவருடைய உளவாளிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கூட்டாளி தன்னிடம் மறைத்ததும் அவருக்குத் தெரியும், தான் கூட்டாளி வீட்டில் திருடியதும் தெரியும்.

இந்த இடத்திலிருந்து என் பதிலின் மையம். சண்டை வந்ததற்குக் காரணம் பயமும், ஜெர்மனியும் ஜப்பானும் விழுந்ததால் உண்டான காலி இடமும். அதற்குக் கொள்கை தேவையில்லை, எந்த இரண்டு வல்லரசு இருந்திருந்தாலும் உரசியிருக்கும். ஆனால் வந்த சண்டையைப் பேசி முடிக்க விடாமல் 45 வருடம் இழுத்தது கொள்கை. எதிராளி பயந்து செய்ததையும், "இது அவர்களுடைய திட்டத்தின் அடுத்த கட்டம்" என்று படிக்க வைத்தது அது.

கிரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 பிப்ரவரி 21 அன்று, இனிமேல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் பணம் கொடுக்க எங்களால் முடியாது என்று பிரிட்டன் அமெரிக்காவிடம் கைவிரித்தது. மார்ச் 12இல் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் 40 கோடி டாலர் கேட்டார். கேட்டது இரண்டு நாட்டுக்கு. பேசியதோ உலகத்துக்கே: எல்லா நாடும் இரண்டு வாழ்க்கை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் இது என்றார். சில்லறை விஷயமாகச் சொன்னால் நாடாளுமன்றம் காசு தராது, அதனால் பெரிய சொல்லாகச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் வேடிக்கை, கிரேக்கக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுத்தது ஸ்டாலின் இல்லை, யூகோஸ்லாவியாவின் டிட்டோ. ஸ்டாலின் 1948 தொடக்கத்தில் டிட்டோவின் ஆட்களிடம் அந்தக் கிளர்ச்சியை மூட்டை கட்டச் சொன்னார். அந்த வருடமே இருவரும் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள், 1949இல் டிட்டோ எல்லையை மூடியதும் கிளர்ச்சி படுத்துவிட்டது. வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு கிரேக்க மலைகளில் தெரிந்ததெல்லாம் மாஸ்கோவின் கை. எல்லாக் கம்யூனிஸ்டும் ஒரே ஆள் என்று நினைத்த இந்தத் தவறுதான் பிற்பாடு வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களையும் லட்சக்கணக்கான வியட்நாமியர்களையும் கொன்றது.

மாஸ்கோவின் பார்வையும் இதே அளவுக்குப் பழுது. 1947 ஜூனில் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பண உதவி செய்யும் மார்ஷல் திட்டம் வந்தது, பிறகு நான்கு வருடத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குச் சுமார் 1,300 கோடி டாலர். செக்கோஸ்லோவாக்கியா வாங்கிக்கொள்கிறேன் என்றது. ஸ்டாலின் அவர்களை மாஸ்கோவுக்கு வரவழைத்து மறுக்க வைத்தார். பசியில் இருப்பவனுக்குச் சோறு போடுவதில் சந்தை பிடிக்கிற நோக்கமும் இருந்தது உண்மை, ஆனால் ஸ்டாலின் அதை முற்றுகையாகவே படித்தார். 1948 பிப்ரவரியில் பிராகில் கம்யூனிஸ்டுகள் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார்கள். மார்ச் 10 காலை வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தன் வீட்டுச் சன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். குதித்தாரா, தள்ளினார்களா என்பது இன்றுவரை தீரவில்லை. ஜூனில் மேற்கு பெர்லினை சோவியத் முற்றுகையிட்டது, அடுத்த ஏப்ரலில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ, ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு. அப்புறம் திரும்பிப் போக வழியில்லை.

ஆரம்பித்தது யார் என்று கேட்டால், சமமாகப் பிரித்துக் கொடுத்துத் தப்பிக்க மாட்டேன். கிழக்கு ஐரோப்பாவில் ஸ்டாலின் செய்ததுதான் தீ மூட்டியது. பாதுகாப்புத்தான் வேண்டும் என்றால் பின்லாந்தில் செய்தது மாதிரி செய்திருக்கலாம்: சொந்த அரசு, சொந்தத் தேர்தல், மாஸ்கோவுக்கு எதிராகப் போகமாட்டேன் என்று ஓர் உறுதிமொழி. போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அது கிடைக்கவில்லை. அந்தத் தீயை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் அமெரிக்காவின் பங்கு பெரியது. என்னோடு சண்டைக்கு வருகிற சக ஆசிரியர்கள் உண்டு, அவர்களில் சிலர் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள்.

வெந்தது யார் என்பதற்கு வருவோம். கொரியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே கோடு போட்ட ராத்திரியை நாம் கிட்டத்தில் பார்க்க முடிகிறது. 1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவை ஒட்டிய நேரம், வாஷிங்டன். ஜப்பான் சரணடையப் போகிறது, சோவியத் படை கொரியாவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு இளம் ராணுவ அதிகாரிகளை ஓர் அறைக்குள் அனுப்பி, அரை மணி நேரத்தில் கொரியாவை எங்கே பிரிப்பது என்று சொல்லச் சொன்னார்கள். இருவரும் கொரியா நிபுணர்கள் கிடையாது. கையில் கிடைத்தது ஒரு பத்திரிகை நிறுவனம் அச்சிட்ட பொது வரைபடம். சியோல் நம் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்து 38ஆம் அட்சரேகையைக் காட்டினார்கள். ஸ்டாலின் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆறு, மலை, ஊர், சொந்தபந்தம் எதையும் பார்க்காத கோடு. ஐந்து வருடத்தில் அதன் மேல் போர் வந்தது. தாக்குதலுக்கு அனுமதி கேட்டு வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் மாஸ்கோ போனதும், ஸ்டாலின் 1950இல் சம்மதித்ததும் இப்போது ஆவணமாகவே இருக்கிறது. தென் கொரியாதான் முதலில் தாக்கியது என்ற பழைய வாதம் நிற்காது. மூன்று வருடத்தில் இறந்தவர்கள் 25 லட்சத்துக்குக் குறையாது என்பது பரவலான மதிப்பீடு, பெரும்பாலும் சாதாரண ஜனங்கள்.

மற்ற இடங்களை விரைவாகவே சொல்கிறேன், பட்டியல் நீளம். ஈரானில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கவிழ்த்தன. குவாத்தமாலாவில் 1954இல் அதே மாதிரி ஒரு கவிழ்ப்பு. ஹங்கேரியில் 1956இல் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன, சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். இந்தோனேசியாவில் 1965–66இல் கம்யூனிஸ்ட் என்று பெயர் கட்டிக் கொன்றவர்கள் குறைந்தது ஐந்து லட்சம். அந்தப் படுகொலையைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்ததில்லை.

கொள்கை சாக்குத்தானே என்று கேட்டவருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய இடம் ஆப்பிரிக்காவின் கொம்பு. சோமாலியா 1970களில் சோவியத்தின் செல்லப்பிள்ளை. பெர்பெரா துறைமுகத்தில் சோவியத் கடற்படை இருந்தது. பக்கத்து எத்தியோப்பியா அமெரிக்காவின் ஆள். 1974இல் எத்தியோப்பியப் பேரரசரை ராணுவம் கவிழ்த்தது, புதிய ஆட்சி மார்க்சியம் பேசியது. 1977இல் சோமாலியா ஒகாடேன் நிலத்துக்காக எத்தியோப்பியா மேல் பாய்ந்தபோது மாஸ்கோ அப்படியே கட்சி மாறி, எத்தியோப்பியாவுக்கு ஆயுதமும் ஆலோசகர்களும் கொண்டுவந்து இறக்கியது, கியூபா படைகளும் வந்தன. சோமாலியா ரஷ்யர்களைத் துரத்திவிட்டது. 1980இல் அதே பெர்பெராவை அமெரிக்கா பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. கபடியில் பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாற்றிக்கொள்வது மாதிரி. துப்பாக்கி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அங்கோலா இன்னும் விசித்திரம்: மார்க்சிய அரசின் கஜானாவுக்குப் பணம் வந்தது அமெரிக்க நிறுவனம் இறைத்த எண்ணெயிலிருந்து, அந்தக் கிணறுகளுக்குக் காவல் நின்றது கியூபா வீரர்கள், அந்த அரசை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்க அரசு.

இதையெல்லாம் பார்த்தால் என் வாதமே ஆட்டம் காண்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் ஆடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 1970களில் கொள்கை தேய்ந்து, "நாம் விட்டுக்கொடுத்தால் மற்ற இடத்தில் யாரும் நம்மை மதிக்க மாட்டார்கள்" என்கிற மானப் பிரச்சினைதான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் பேரம் பேச விடாமல் தடுத்தது பழைய கொள்கைப் பேச்சுதான், ஏனென்றால் சொந்த மக்களிடம் முப்பது வருடம் அப்படித்தான் பேசியிருந்தார்கள்.

சின்ன நாடுகள் எல்லாம் அப்பாவிகள் என்றும் நினைக்க வேண்டாம். 1956 ஜூலையில் அஸ்வான் அணைக்குப் பணம் தரமாட்டேன் என்று அமெரிக்கா பின்வாங்க, ஒரு வாரத்தில் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார், அணையை சோவியத் பணத்தில் கட்டினார். நம் ஆட்களும் இந்த வித்தையில் சளைத்தவர்கள் இல்லை. பிலாய் எஃகு ஆலை சோவியத், ரூர்கேலா மேற்கு ஜெர்மனி, துர்காபூர் பிரிட்டன். கான்பூர் ஐஐடிக்கு அமெரிக்கா, பம்பாய்க்கு சோவியத், சென்னை ஐஐடிக்கு 1959இல் மேற்கு ஜெர்மனி. மேற்கு ஜெர்மனிக்குத் திடீரென்று அடையாறு மேல் ஏன் அவ்வளவு பாசம்? கிழக்கு ஜெர்மனியை எந்த நாடும் அங்கீகரித்துவிடக் கூடாது என்பது அன்று அவர்களுடைய வெளியுறவுக் கொள்கையின் உயிர்நாடி, இந்தியா அதில் பெரிய மீன். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அதே காலத்தில் ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை. 1965–66 வறட்சியில் ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார், வியட்நாம் பற்றி இந்தியா பேசியது அவருக்குப் பிடிக்காததும் ஒரு காரணம். பார்த்தீனியம் அந்தக் கோதுமையில்தான் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்பே அந்தச் செடி இங்கே இருந்ததற்குப் பதிவுகள் உண்டு, ஆகவே அதை நான் வகுப்பில் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டது "சோவியத் நாடு" பத்திரிகையின் தாளில். வழவழவென்று, மை ஒட்டாத தாள். டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் என் கணக்கு நோட்டின் மேல் ஒரு வருடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கொள்கை என் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். பிற்பாடு ஆசிரியராகி வருகைப் பதிவேடு எடுத்தபோது ஒரே வகுப்பில் லெனினும் கென்னடியும் ஸ்டாலினும் எழுந்து "உள்ளேன் ஐயா" சொன்னார்கள். கென்னடியும் லெனினும் ஒரே சைக்கிளில் வருவார்கள்.

எல்லாத் தமிழருக்கும் அது அட்டைத் தாளோடு போய்விடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கத் தலைவரானவர் கணபதி. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அங்கே அவசரநிலை கொண்டுவந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. நேரு அரசு கேட்டுக்கொண்டும் கேளாமல் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ரப்பர் தோட்டத்துச் சங்கங்கள் அதற்குப் பிறகு நிமிர வெகுகாலம் ஆனது.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்றால், ஒன்று நடந்தது, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1958இல் உலக சுகாதார மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி விக்டர் ழ்தானோவ் பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தார். பிறகு அந்தத் திட்டத்தை நடத்தியவர் அமெரிக்கரான டொனால்ட் ஹெண்டர்சன். தடுப்பூசியில் பெரும்பங்கு சோவியத்திலிருந்து வந்தது. கியூபாவில் ஏவுகணை, வியட்நாமில் குண்டு, நடுவில் இது. 1980இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இருவரும் ஒத்துழைக்க முடியாதவர்கள் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுவேன்.

ஏன் முடிந்தது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி ரேகனின் ஆயுதச் செலவு என்பார்கள், எண்ணெய் விலை விழுந்தது என்பார்கள், ஆப்கானிஸ்தானில் சோவியத் நடத்திய போர் என்பார்கள். என் கணக்கில் சோவியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் என்ற தனி மனிதருக்குப் பெரிய பங்கு: 1989இல் கிழக்கு ஐரோப்பாவில் டாங்குகளை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. முடிந்த தேதி, சோவியத் ஒன்றியம் கலைந்த 1991 டிசம்பர் என்று தேர்வுத்தாளில் எழுதலாம். இடத்துக்கு இடம் அது வேறு. கேசோங் என்ற ஊர் 1950 வரை தென் கொரியா, போர் நிறுத்தக் கோடு கொஞ்சம் நகர்ந்ததில் வட கொரியா ஆகிவிட்டது, இன்னும் அப்படியே. திருகோணமலையில் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99 இருக்கின்றன. 1980களில் அங்கே அமெரிக்கா கால் வைத்துவிடுமோ என்று டெல்லி பதறியது. அதனால்தான் 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இனப் பிரச்சினைக்குப் பக்கத்திலேயே, திருகோணமலைத் துறைமுகமும் அயல்நாட்டு வானொலி நிலையமும் இந்தத் தொட்டிகளும் இடம் பிடித்தன. தொட்டிகளை இரண்டு நாடுகளும் சேர்ந்து சீர்செய்யும் என்றது கடிதம். அதற்கான ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கையெழுத்தானது. யாருக்குப் பயந்து அந்த வரியை எழுதினார்களோ அந்தப் பகையே முடிந்து முப்பது வருடம் கழித்து. அதற்குள் பல தொட்டிகளைக் காடு மூடியிருந்தது.